குடியை விட நினைப்பவருக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியைத் தவறாமல் படிப்பவள் நான். கும்பாபிஷேகம், பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம், யோகா வகுப்பு எல்லாம் இடமும் நேரமும் போட்டு வருகின்றன. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டம் எங்கே நடக்கிறது என்பது மட்டும் சோமனூர், பல்லடம், பெருந்துறைப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அதற்கு இரண்டு வரி ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வழி தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது சுவர் விளம்பரம். ஏதோ ஒரு பொடியைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவாராம். குடியை நிறுத்த மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையையே, சாப்பிடுபவருக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடை மாத்திரைக்கே இந்தக் கதி என்றால், என்ன கலந்தது என்று தெரியாத பொடியை ரசத்தில் போடச் சொல்பவர்களை என்னவென்று சொல்வது? எங்கள் வீதியிலும் வாங்கியவர்கள் உண்டு.

சுவரில் எழுதாத ஒரு வழி இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-ல், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிப் பேசிக் குடியைத் தள்ளிப்போட்டதில் தொடங்கியது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேருவதற்கான தகுதி. கட்டணம் கிடையாது, பெயரைத் துருவிக் கேட்பதும் கிடையாது. கோவையில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த என் தம்பி, “அங்கே யாருமே எனக்குப் புத்தி சொல்லவில்லை அக்கா” என்றான். புத்தி சொல்ல வீட்டில்தான் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே.

விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய மரபுகளில் ஒன்று. அதை மதிக்கிறேன். ஆனால் கூட்டம் நடக்கும் இடத்தைத் தெரிவிப்பது விளம்பரம் ஆகாது. பல ஊர்களில் பள்ளி அறையிலோ தேவாலயக் கூடத்திலோ கூடுவதால், மதம் மாற்றுகிற இடமோ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. கடவுள் என்று அவர்கள் சொல்வது அவரவர் புரிந்துகொண்ட கடவுளை. நம் ஆட்கள் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு போகலாம், தடையில்லை.

மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாதவர்களும், தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போய்வரும்வரை வாயில் வைக்காதவர்களும் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். நிறுத்தத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் யாருடன் உட்காருவது என்பதுதான் சிக்கல். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். கடையை மூடுவதா திறப்பதா என்று நூறு வருடமாகப் பேசுகிறோம். இந்தச் சிக்கலைப் பேச ஆளில்லை.

கூட்டம் எந்தக் கிழமை என்பதும் முக்கியம். தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலை கைக்கு வருகிறது. குடும்பங்கள் பயப்படுவதும் அந்த மாலைக்குத்தான். அந்த நேரத்தில் சோமனூரிலிருந்து பஸ் ஏறிக் கோவைக்குப் போ என்றால் நடக்கிற காரியமா? குடிநோயாளிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு தொடங்கலாம் என்கிறது அவர்களுடைய வழக்கம். ஒன்றியப் பள்ளியோ, விசைத்தறியாளர் சங்கமோ, கோயில் மண்டபமோ வாரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும்.

ஒன்றைச் சேர்த்து வெளியிடுங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலிப்பு வரை போகும். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போகாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டம் சிகிச்சைக்கு மாற்று அல்ல. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. அது எங்கள் பக்கத்தில் எங்கே கூடுகிறது என்பதையும் விசாரித்துப் போட்டால் என்னைப் போன்றவர்கள் போவோம்.

கிழமையும் இடமும் அவ்வப்போது மாறும். ஆகவே மாதம் ஒருமுறை குழுவினரிடம் கேட்டுச் சரிபார்த்து வெளியிட வேண்டுகிறேன். மனத்தைத் தேற்றிக்கொண்டு முதல் தடவை கிளம்பி வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால், திரும்பும் வழியில் கடை திறந்துதான் இருக்கும்.

தம்பிக்கு வேலை செய்கிற இடத்தில் சங்கடம் வரக் கூடாது. பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோமனூர்.