குழியானைக்கு இறக்கை முளைக்கும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

போன சனி, ஞாயிறு ஆரோவில் பக்கம் ஒரு காட்டில் பெரியவர்களுக்கென்று நடத்துகிற இயற்கை வகுப்புக்குப் போயிருந்தேன். நீ வாங்கித் தந்த ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம் எல்லாம் மகள் வாங்கித் தந்தது என்று சொன்னேன். இருபது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் உன் வயசு. அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் அறைக்குள்ளேயே இருக்காதே. பெங்களூரில் லால்பாக் உனக்கு நடக்கிற தூரம். காலையில் பறவை பார்க்கக் கூட்டமாகப் போகிறார்களாம், போய்ச் சேர்ந்துகொள். தனியாகப் போகிறோமே என்று நினைக்காதே.

முதல் நாள் குழியானை காட்டினார்கள். பல்பொடி டப்பாவில் பிடித்து வைப்பாயே, அந்தப் பூச்சிதான். மரத்தடியில் மாவு மாதிரிப் புழுதி, அதில் புனல் புனலாகக் குழி. ஒரு எறும்பு விளிம்பில் சறுக்கியது. அது ஏற ஏற, அடியிலிருந்து குழியானை தலையால் மண்ணை வாரி வாரி எறிந்தது. எறும்பு மண்ணோடு உள்ளே போய்விட்டது. "இது பெரிசானா என்னப்பா ஆகும்?" என்று மூன்றாம் வகுப்பில் கேட்டாய். ஒன்றும் ஆகாது, போய் வாய்ப்பாடு படி என்றேன். அது தப்பும்மா. மண்ணுக்குள் கூடு கட்டி, இறக்கை முளைத்து, தட்டான் மாதிரி ராத்திரியில் பறக்குமாம். அறுபத்தாறு வயசில் தெரிந்துகொண்டேன்.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த இடமெல்லாம் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடிக் கடல் சிவந்து கிடக்கும். அப்புறம் வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தி, கோயில்காடுகளில் மிஞ்சியிருந்த மரங்களிலிருந்து விதை எடுத்து வளர்த்தார்கள். இன்றைக்கு வீரை, காசான், உலக்கைப்பாலை எல்லாம் நிற்கின்றன. உனக்கு மொட்டை போட்ட புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடும் இதே வகைதான். எத்தனை தடவை அங்கே பொங்கல் வைத்திருக்கிறோம், ஒரு மரத்துக்குப் பேர் தெரியாது எனக்கு.

ஞாயிறு காலை ஜோடி பிரித்துக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். உன் வயசுப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து ஒரு மரத்திடம் கூட்டிப்போனாள். "அங்கிள், வேர் இருக்கு, காலைத் தூக்கி வைங்க" என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே வந்தாள். மரத்தைத் தடவிப் பார்க்கணும், மோந்து பார்க்கணும், கட்டை அவிழ்த்தபின் அதே மரத்தைக் கண்டுபிடிக்கணும். இடுப்பு உயரத்தில் ஒரு பழைய வெட்டு. சுற்றிலும் பட்டை உதடு மாதிரி தடித்து மூடியிருந்தது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

ஆவணியில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தாய். "வந்துடட்டுமாப்பா" என்றாய். எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், அனுசரித்துப் போ என்று சொல்லி வைத்துவிட்டேன். யாரென்று அம்மா கேட்டாள். ராங் நம்பர் என்றேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது. உன் படிப்பையும் சம்பளத்தையும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நீ எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போம்மா. சாப்பிட்டுவிட்டுப் போ. அடுத்த மாதம் மறுபடி வகுப்பு இருக்கிறது. இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை பாண்டி. நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வகுப்பு முடிந்ததும் திரும்பிப் போகணும் என்றில்லை. உன் அறையில் அரிசி மூட்டை போட்டு வைத்திருந்தோம், நேற்று எடுத்துவிட்டேன். முழுக்கைச் சட்டை கொண்டுவா, காட்டில் கொசு ஜாஸ்தி.

அப்பா