பெயர் போடாத பட்டியல்

அன்புள்ள 598 (பறவைப் பைத்தியமே, உன் அலமாரி எண்ணாலேயே கூப்பிடுகிறேன்),

நான் கடிதமே போடுவதில்லை என்று நம் சீனியரிடம் நீ புலம்பியது என் காதுக்கு வந்துவிட்டது. சரி, இதோ ஒரேயடியாக வட்டியும் முதலுமாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை. உன் இடமாற்ற உத்தரவு வந்ததா, இல்லை இன்னும் யார் மேஜையிலாவது தூங்குகிறதா? மற்ற வம்பெல்லாம் நேரில். இப்போது ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் நூலகத்தில் நுழைந்ததும் இடது பக்கம் புதுவரவு தாங்கி ஒன்று இருக்குமே, அது பாதி காலியாகவே கிடந்தது. அதில் இப்போது ஊழியர்களுக்குப் பிடித்த புத்தகங்கள் நிற்கின்றன. ஆளுக்கு ஒரு தட்டு. தட்டின் மேல் ஓர் அட்டை: இவர் யார், எதில் ஆர்வம், எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம், நம் அலமாரியில் வேறென்ன இருக்கிறது, இணையத்தில் இலவசமாக என்ன கிடைக்கும். அவ்வளவுதான்.

'இதில் என்ன புதுமை, எத்தனையோ நூலகங்களில் செய்வதுதானே' என்று நீ உதட்டைச் சுழிப்பது தெரிகிறது. செய்கிறார்கள்தான். பெரும்பாலும் அது 'நாங்கள் இந்த மாதம் வாசித்தவை' என்று நாலு நாவலை நிற்க வைப்பதோடு முடிந்துவிடும். எங்கள் பைண்டர் அண்ணன் அதை எங்கேயோ கொண்டு போய்விட்டார்.

அண்ணனை உனக்கு நினைவிருக்கும். அந்தப் பசை டப்பா விவகாரத்துக்குப் பிறகு நீ அவரை மறக்கவே முடியாது. இத்தனை வருஷமாக அவர் ஒரு ரயில் பைத்தியம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாதடி! தன் தட்டுக்குப் புத்தகம் எடுக்க அவர் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். நம் அலமாரிகளின் டூயி வகைப்பாட்டு எண்களிலேயே சொல்கிறேன். முதலில் 385, ரயில் போக்குவரத்து. அங்கிருந்து 625.1, தண்டவாளமும் சிக்னலும். பாலத்துக்காக 624.2-ல் ஒரு நிறுத்தம். 625.19-ல் மாதிரி ரயில்கள். அப்புறம் பயணநூல் அடுக்கு, அங்கிருந்து ஓடும் ரயிலுக்குள்ளேயே கதை நடக்கிற ஒரு துப்பறியும் நாவல், கடைசியில் சிறுவர் பிரிவில் நீராவி எஞ்சினைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு பெரிய படப் புத்தகம். எங்கும் கணினியைத் தட்டவில்லை, எண்ணைத் தேடவில்லை. கிழிந்து வந்த புத்தகங்களை ஒட்டித் தைக்கும்போதே எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறார்.

நம் தொழிலில் இதற்குப் பாடமே இருக்கிறது. வகைப்பாடு துறை பார்த்துப் பிரிக்கும். ஒரே பொருள் பத்து இடத்தில் சிதறும். 1876-ல் டூயி தன் வகைப்பாட்டுக்குப் போட்ட முதல் பதிப்பு வெறும் 44 பக்கம். அதிலேயே எந்தப் பொருள் எந்த எண்ணில் என்று காட்டும் பொருளடைவுக்கென்று தனியாக இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்த வாசகரும் அடைவைப் புரட்டிவிட்டு வருவதில்லையே. ரயில் பிடிக்கும் என்கிறவருக்கு எஞ்சினும் பிடிக்கும், பாலமும் பிடிக்கும், கொலை நடக்கிற ரயில் பெட்டியும் பிடிக்கும். நம் எண்கள் பிரித்து வைத்ததை அண்ணனின் ஆசை ஒரே தட்டில் கொண்டு வந்து சேர்த்துவிட்டது.

அவர் செய்த இன்னொரு காரியத்தைக் கேள். பைண்டிங்கில் வெட்டி மிஞ்சும் அட்டைத் துண்டுகளை நீளவாக்கில் நறுக்கி, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு சீட்டு செருகியிருக்கிறார். ஊதா மை, பள்ளிப்பிள்ளை மாதிரி வட்ட வட்ட எழுத்து. தண்டவாளப் புத்தகத்தில் இருந்த சீட்டை அப்படியே எழுதுகிறேன்: 'முதலில் படங்களைப் பாருங்கள். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற படத்தில் சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் எழுத்தைப் படித்தால் சுலபம்.' அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசி முத்திரை, நாங்கள் பார்கோடுக்கு மாறுவதற்கு முந்தையது. போன தணிக்கையில் கழித்துவிடலாம் என்று குறித்த புத்தகம் அது. இப்போது அதற்கு முன்பதிவில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

நம் நூலகவியல் முன்னோடி ரங்கநாதனின் ஐந்து விதிகளை வாத்தியார் நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். 1931-ல் வந்த புத்தகம். அதில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். பரீட்சைக்கு எழுதியபோது அது எனக்கு இரண்டாவது விதியை (ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல்) திருப்பிப் போட்டது போலத்தான் இருந்தது. அண்ணனின் தட்டுக்கு முன்னால் நின்றபோதுதான் அது உறைத்தது. யாருக்கும் வேண்டாமல் கிடந்த புத்தகத்துக்கும் எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறார். அவர் வந்து சேர நடுவில் ஒருவர் வேண்டும். ரங்கநாதனே கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். நூலகவியல் படிக்க 1924-ல் லண்டன் போனவர், ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானின் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் புதுப்புது பொம்மை செய்து காட்டுவதைப் பார்த்திருக்கிறார். அவர் உருவாக்கிய கோலன் வகைப்பாட்டுக்கு அங்கேதான் பொறி கிடைத்தது. 1933-ல் அது நூலாகவே வந்துவிட்டது. தன் வேலைக்குச் சம்பந்தமே இல்லாததை நின்று ரசிக்கிற குணம் அவருக்கு இருந்திருக்கிறது, பார்த்தாயா.

மற்றவர்கள் தட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். இரவல் கவுன்டரில் வாயே திறக்காத அந்தப் பெண், குரோஷா பின்னல். 746.43-ல் எங்களிடம் இருப்பது கொஞ்சம்தான். இலவச மின்னூல் தளமான கூடன்பர்க் திட்டத்தில் படங்களோடு கிடைக்கும் பழைய தையல் கையேடுகளின் பட்டியலை அவளே எடுத்து ஒட்டியிருக்கிறாள். இப்போது கவுன்டரில் அவள் குரல்தான் கேட்கிறது. பருவ இதழ்ப் பிரிவு ஐயாவுக்கு வெண்பா. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எந்தெந்தப் பழைய நூல்கள் இருக்கின்றன என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிறார். பயிற்சிக்கு வந்த பையன் 741.5, சித்திரக்கதை. அவன் தட்டு எப்போதும் காலி, வைத்த உடனே போய்விடுகிறது.

என் தட்டு எது என்று நீ கேட்கவே வேண்டாம், 520, வானியல். வானத்தைப் பார்க்க லட்சம் ரூபாய்த் தொலைநோக்கி வேண்டும் என்று நினைத்து எத்தனை பேர் ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள்! அட்டையில் பெரிதாக எழுதிவிட்டேன்: ஒரு 7x50 பைனாகுலர் போதும். ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். ஐம்பதை ஏழால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஏழு மில்லிமீட்டர் சொச்சம்; இருட்டுக்குப் பழகிய இளங்கண்ணின் பாவை விரிவதும் ஏறக்குறைய அவ்வளவே. முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பார்த்தால் பக்கத்தில் ஒரே கோட்டில் நிலாக்கள் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான்பட மென்பொருளைப் போட்டுக்கொண்டால் இன்றைக்கு எது எங்கே என்று காட்டிவிடும், காசு கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர் வானியல் சங்கம் 2008-ல் நூலகங்களுக்குத் தொலைநோக்கி கொடுத்து, வாசகர்கள் அதைப் புத்தகம் மாதிரி வீட்டுக்கு எடுத்துப் போகும் திட்டத்தை ஆரம்பித்தது. அது இன்று எவ்வளவோ ஊர்களில் இருக்கிறது. நாங்கள் ஒரு பைனாகுலருக்கு பார்கோடு ஒட்டி இரவல் தரலாம் என்று கேட்டிருக்கிறோம். உன் கொக்கு, குருவிக்கெல்லாம் பகலில் தருகிறேன். இருட்டியதும் எனக்குத்தான்.

இந்தச் சந்தோஷத்தில்தான் மேலிடத்தின் கண் பட்டது. ஒருவர் வந்து பார்த்தார், பாராட்டினார். போன வாரம் சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லா ஊழியரும் தத்தம் தனி ஆர்வத்தைப் படிவத்தில் நிரப்பித் தர வேண்டுமாம். புகைப்படம் கட்டாயம். மாதம் ஒரு புதுப் பட்டியல். எத்தனை இரவல் போயிற்று என்று ஆள்வாரியாகக் கணக்கு.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆசையை மாதாமாதம் கறக்க முடியுமா? அண்ணனின் தட்டு அவர் வாழ்நாள் வாசிப்பு. அடுத்த மாதம் அவரிடம் வேறு ஆசை கேட்டால் எங்கே போவார்? ஆர்வம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'புத்தகம் வாசிப்பது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்தத் தாங்கி மறுபடி காலியாகும்.

ஆனால் இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

குறிப்புதவிப் பிரிவில் இருக்கும் அக்கா படிவத்தை வெறுமையாக என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மாவுக்கு மறதிநோய். மகளையே யாரென்று கேட்கிற கட்டம். ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. இத்தனை நாளும் அவர் வாசித்ததெல்லாம் அது பற்றித்தான்: நோயைப் பற்றி 616.83, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி 649.8, முதுமையின் மனம் பற்றி 155.67, அப்புறம் சில நாவல்கள், சில நாட்குறிப்புகள். தன் நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி. 'இதை முதலில்.' 'குளிப்பாட்டுவது பற்றி இதில்தான் உருப்படியாக இருக்கிறது.' 'கடைசி இரண்டு அத்தியாயம் இப்போதைக்கு வேண்டாம்.' 'பகலில் மட்டும் படிக்கவும்.'

எங்கள் நூலகத்தில் இருக்கும் எல்லாப் பட்டியலிலும் இதுதான் மிகவும் தேவையான பட்டியல். 'அப்பா வீட்டு வழியை மறந்துவிடுகிறார், ஏதாவது புத்தகம் இருக்கிறதா' என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்கள் கவுன்டருக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் இது போக வேண்டும். ஆனால் அக்காவின் புகைப்படத்தை ஒட்டி, 'இவரது தனி ஆர்வம்: மறதிநோய்' என்று எழுதச் சொல்கிறதா சுற்றறிக்கை?

வாசகர் என்ன எடுத்தார் என்று யார் கேட்டாலும் நாம் சொல்வதில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே அதை நெறியாக எழுதி வைத்தது. கோஹா என்ற நூலக மென்பொருளில், திரும்பி வந்த நூலின் இரவல் வரலாற்றிலிருந்து வாசகரின் பெயரைத் துடைத்துவிடும் வசதியே இருக்கிறது. ஒருவர் எதைத் தேடி வாசிக்கிறார் என்பது அவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பது என்பதால்தானே இவ்வளவு காபந்து? அந்த மரியாதை கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கிடையாதா? அண்ணன் தன் ரயிலை ஊருக்கே காட்ட ஆசைப்பட்டார், காட்டினார். அக்கா தன் அறிவைத் தரத் தயார், தன் வீட்டைத் திறந்து காட்டத் தயாரில்லை. இரண்டுக்கும் அந்தத் தாங்கியில் இடம் வேண்டும்.

அக்காவிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பெயரில்லை, படமில்லை. 'இந்த நூலகத்தில் ஒருவர் வாசித்துத் தேர்ந்தவை' என்று மட்டும் தலைப்பு. திங்கட்கிழமையிலிருந்து தாங்கியில் இருக்கிறது. நகல்கள் தீரத் தீர எடுத்து வைக்கிறோம். யார் எடுக்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, வேண்டுமென்றேதான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. நீதான் பயிற்சிக் குழுவில் இருக்கிறாயே. சுற்றறிக்கைக்குப் பதில் ஒன்று எழுதியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். விரும்புகிறவர் மட்டும் தரலாம், பெயர் போடாமலும் தரலாம், மாதக் கெடு வேண்டாம், ஆள்வாரிக் கணக்கு வேண்டாம், ஊழியர் மாற்றலாகிப் போனாலும் அவர் சம்மதித்தால் பட்டியல் இங்கேயே இருக்கட்டும். இவ்வளவுதான் அதில். என் ஒருத்தி கையெழுத்தோடு போனால் கோப்பில் உறங்கிவிடும். உங்கள் கிளையிலிருந்தும் போக வேண்டும். நீ காரமாக எழுதுவாய் என்று தெரியும், இந்த ஒரு தடவை காரத்தைக் குறைத்துக்கொள், இது நடந்தாக வேண்டும்.

உன் பறவைப் பட்டியலையும் சேர்த்து அனுப்பு. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, பையன் படம் வரைந்து தருகிறேன் என்கிறான். புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது, வியாழன் எங்களுக்குக் கூட்டம்.

அன்புடன்,
உன் 520