மரபுரிமைக்கு வாவித் தோணி போதும்

ஆசிரியருக்கு,

உயர்தர மாணவருக்குப் பைதன் நிரல்மொழியில் வகுப்பும் (class, ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு) மரபுரிமையும் (inheritance, தாய் வகுப்பின் பண்புகளைச் சேய் வகுப்பு பெறுவது) கற்பிப்போர் வழக்கமான நாய், பூனை உதாரணங்களை விட்டு நமது வாவித் தோணியை எடுக்கலாம். ‘தோணி’ தாய் வகுப்பு, ‘இயந்திரத் தோணி’ சேய் வகுப்பு. இயந்திரம் தோணியல்ல, தோணியில் பூட்டுவது. அதைச் சேய் வகுப்பாக்கக் கூடாது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வேறிடத்தில். சேய் வகுப்பில் புதிதாக ‘இனிட்’ (__init__, பொருள் உருவாகும்போது அதன் தொடக்க விவரங்களைப் பதியும் பகுதி) எழுதி, ‘சூப்பர்’ (super, தாய் வகுப்பை அணுகும் சொல்) மூலம் தாயின் ‘இனிட்’டை அழைக்க மறந்தால் தோணியின் நீளம் பதிவாகாது. பிழைச்செய்தியோ நீளத்தைக் கேட்கும் வரியில்தான் வரும், மறந்த இடத்தில் அல்ல. பாவம், பிழை காட்டிய வரியிலேயே தேடிக் களைத்துவிடுகிறார்கள்.

‘மீன்கள்’ என்ற வெற்றுப் பட்டியலை வகுப்பின் உடலில் நேரே வைத்தால், ஒரு தோணியில் சேர்த்த மீன் எல்லாத் தோணியிலும் தெரியும். அதை ‘இனிட்’டுக்குள் ‘செல்ஃப்’ (self, அந்தந்தத் தோணியைக் குறிக்கும் சொல்) உடன் எழுதப் பழக்குங்கள்.

கணினி ஆசிரியர்,
மட்டக்களப்பு