ரிங் ரோட்டு குடோனும் ஆனையூர் இடமும்

மாப்ளே,

போனை எடுக்கலைன்னு நீ திட்டுற திட்டு இங்க வரைக்கும் கேக்குது. நேர்ல வா, மிச்சத்தையும் வாங்கிக்கிறேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்க எல்லாரும் சுகம். நம்ம மொட்டைப் பயலுக்கு அதே ஸ்கூட்டர், அதே பொய்.

விஷயம் இதுதான். உன் மருமகன், அதான் என் பையன், வேலையை விடப்போறானாம். ரெண்டு சினேகிதப் பயலுகளோட சேர்ந்து மாட்டுத்தாவணிக்கு அங்கிட்டு, ரிங் ரோட்டு ஓரமா குடோன் பிடிக்கிறாங்க. ஈரோடு, விருதுநகர், பெங்களூரு சரக்கெல்லாம் அங்க இறங்கும். தெருவாரியாப் பிரிச்சு பேட்டரி ஆட்டோவுல மாசி வீதிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவாங்களாம். கீழமாசி வீதியில லாரி நிக்காது, ஹாரன் கேக்காது. முதல்ல நானே வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் கேட்டேன். அப்புறம், "ஆனையூர் இடத்தை வச்சு லோன் போட்டுக்கலாம்ப்பா"ன்னான். அன்னைக்கிருந்து தூக்கம் போச்சு. அந்த இடத்தை நாம எப்படி வாங்கினோம்னு உனக்குத் தெரியும்.

இப்ப என்ன நடக்குது? சரக்கு லாரி செட்டுல இறங்குது, அங்கிருந்து கடைக்கு. இவன் நடுவுல ஒரு குடோனைச் செருகுறான். அப்ப ஒரு இறக்குகூலி, ஒரு ஏத்துகூலி கூடுதல். குடோன் வாடகை, பேட்டரி, டிரைவர் சம்பளம் வேற. இதை யாருடா கொடுப்பான்? அனுப்புறவனைக் கேட்டா, "கடை வாசல் வரைக்கும் சேர்த்துத்தான் எங்க ரேட்டு"ம்பான். கடைக்காரன், "இத்தனை நாள் சும்மாதானே வந்துச்சு"ம்பான். லாரிக்காரனுக்கு நேரம் மிச்சம், உண்மை. ஆனா டிரைவர் வெயில்ல காத்துக் கிடக்குற நேரத்துக்கு இந்த ஊர்ல எவன் காசு கொடுத்திருக்கான்? புகை குறைஞ்சா ஊருக்கே லாபம். அந்த லாபம் எந்தக் கல்லாப்பெட்டியில விழும்?

பயல் லேப்டாப்பைத் திறந்து சீமைக் கதை காட்டினான். இங்கிலாந்துல பிரிஸ்டல்னு ஒரு ஊர், 2004ல இதே மாதிரி ஆரம்பிச்சு, சேர்ந்த கடைகளுக்கு வர்ற வண்டி முக்கால்வாசி குறைஞ்சிருச்சாம். அவன் காட்டாததை நான் தேடிப் படிச்சேன்: அது ஓடினது அரசாங்கம் கொடுத்த மானியத்துல. ஜெர்மனியில 1990கள்ல ஊருக்கு ஊர் இப்படித் திறந்தாங்க, பெரும்பாலும் மூடிட்டாங்க. ஆம்ஸ்டர்டாம்ல 2007ல டிராம்ல சரக்கு ஓட்டிப் பார்த்த கம்பெனி 2009ல திவால். ஜெர்மனியில டிரெஸ்டன்ங்கிற ஊர்ல மட்டும் 2001லிருந்து 2020 வரைக்கும் சரக்கு டிராம் ஓடியிருக்கு. அங்க ஏத்தி அனுப்புனது ஒரே ஆளு, ஃபோக்ஸ்வாகன் ஃபேக்டரி. தினமும் லோடு நிச்சயம். நம்ம மாசி வீதியில எவனாவது நாளைக்கு எத்தனை மூட்டைன்னு நிச்சயமாச் சொல்லுவானா? தீபாவளிக்கு முன்னாடி வண்டி பத்தாது, ஆடியில ஈ ஓட்டணும். சித்திரைத் தேரோட்டத்தன்னைக்கு நாலு மாசி வீதியிலும் சைக்கிளே நுழையாது. லோடு குறைஞ்சாலும் டிரைவர் சம்பளம் குறையாது. அந்தந்த செட்டு சுமைப்பணிச் சங்கத்துக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு அவன் எழுதின ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒரு வரி கிடையாது! கடைக்காரன் நாப்பது நாள் கடன் சொல்லுவான், டிரைவருக்கு சனிக்கிழமை கையில காசு வேணும்.

சும்மா நொட்டை சொல்றேன்னு நினைக்காத. எனக்கும் ஒரு யோசனை இருக்கு. நெதர்லாந்துல நைமெகன்ங்கிற ஊர்ல 2008ல ஒருத்தங்க கடைக்காரங்கிட்ட டெலிவரிக்குக் காசே கேக்காம ஆரம்பிச்சாங்க. சரக்கு வச்சுக் கொடுக்கிறது, காலி அட்டைப்பெட்டியைத் திருப்பி எடுக்கிறது, இதுக்குத்தான் தனிக் கட்டணம். நம்ம ஊருக்கு அதுதான் ஒத்துவரும்னு படுது. கீழமாசி வீதியில பாதிக் கடைக்கு மாடியில குடோன். அந்த வாடகைக்கு அங்க வியாபாரமே பண்ணலாம். "உன் சரக்கை ரிங் ரோட்டுல நான் வச்சுக்கிறேன், காலையில சொன்னா மதியம் கடையில இருக்கும்"னு சொன்னா நானே மாசவாடகை கொடுப்பேன். திரும்புற வண்டியும் காலியா வராது, அட்டைப்பெட்டி வரும். மொதல்ல ஒரு தெருவுல பத்துக் கடையைப் பிடிக்கட்டும், வண்டியை வாடகைக்கு எடுக்கட்டும். இதுக்கு ஆனையூர் இடம் எதுக்கு?

இதைச் சொன்னா, "என்னை குடோன் வாட்ச்மேன் ஆக்கப் பாக்குறீங்க"ன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டான். ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை. அவங்கம்மா என்னைப் பாக்குற பார்வை இருக்கே, அதை எழுத முடியாது.

பேங்க்ல நீ எத்தனை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கிழிச்சவன். இதோட ஒரு நகல் வச்சிருக்கேன். வண்டி எப்பவும் முக்கால்வாசி நிறைஞ்சு போகும்னு ஒரு இடத்துல எழுதியிருக்கான், அதை மொதல்ல பாரு. அது பாதியானா என்ன ஆகும்னு போட்டு எழுது. அவனுக்கே நேரா எழுது, எனக்கு வேணாம். நான் சொன்னா புலம்பல்ங்கிறான். என் கணக்கு தப்புன்னு உனக்குப் பட்டா அதையும் எழுது, பத்திரத்தைப் பீரோவுல இருந்து நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

மொட்டைகிட்ட மூச்சு விடாத. பங்கு கேட்டு வந்து நிப்பான்.

உன்,
கீழமாசி வீதிக்காரன்