'பன்றி என்று நினைத்து' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டதில் ஒருவர் பலி. நம் மலேசியாவில் இது புதிய செய்தி இல்லை. ஊர் மாறும், வயது மாறும். செத்தவர் ஒரு தடவை சுட்டவரோடு சேர்ந்து போன வேட்டைக்காரராக இருப்பார், இன்னொரு தடவை தோட்டத் தொழிலாளியாக இருப்பார். மலாய்ப் பத்திரிகையில் 'டிசங்கா பாபி ஹூத்தான்' என்று வரும். நம் தமிழ்ப் பத்திரிகைகளில் 'பன்றி என்று நினைத்து' என்று வரும். அந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து இனிமேல் அவற்றைத் தலைப்பில் போடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். இருக்கிறது. நானும் ஒரு காலையில் அப்படி 'நினைத்தவன்'தான்.

எனக்கு வயது 56. செந்தூலில் லோரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது சிலாங்கூரில் கெர்லிங் பக்கம், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா மிச்சம் பிடித்து வாங்கிப்போட்ட இரண்டு ஏக்கர் நிலம் இன்னும் அங்கே இருக்கிறது. துரியான், டுக்குப் பழ மரங்கள் இருக்கின்றன, நடுவில் வாழையும் மரவள்ளியும். பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் மரவள்ளிப் பாத்தி முழுவதும் உழுது போட்டமாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் போலீசில் விண்ணப்பித்து, பல மாதம் அலைந்து, துப்பாக்கி உரிமம் வாங்கினேன். பன்னிரண்டாம் நம்பர் செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வேட்டைத் துப்பாக்கி, இரட்டைக் குழல்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கி உரிமம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. அது துப்பாக்கி வைத்திருப்பதற்கு. வேட்டைக்கு உரிமம் தருவது பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறை, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். 'பன்றிதானே, அதற்கு எதற்கு லைசென்ஸ்' என்பார்கள். பன்றிக்கும் வேண்டும். காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையிடம் தனியாக அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். எல்லாக் காகிதமும் என்னிடம் இருந்தது. காகிதத்தில் என் மீது ஒரு குறையும் கிடையாது.

பழக்கமும் இருந்தது. தனியாகப் போவதற்கு முன் நான்கு வருடம் பெரியப்பாவின் பின்னால் நடந்திருக்கிறேன். தண்ணீர்ப் புட்டி தூக்குவேன், நாயைப் பிடித்துக்கொள்வேன், சுட்டதைக் கழியில் கட்டி இழுத்து வருவேன். துப்பாக்கி அவர் கையில்தான் இருக்கும். பாரிட் (வடிகால்) தாண்டும்போது துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிடுவார். வழுக்கி விழுந்து எழுந்தால் முதலில் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். குழலில் சேறு அடைத்திருக்கும்போது சுட்டால் குழலே வெடித்துவிடும். ஏதாவது அசைந்தால் என்னிடம் கேட்பார்: "என்னடா பாத்த?" பன்றி என்று சொன்னால் விடமாட்டார். "தலை எந்தப் பக்கம்? கால் தெரியுதா? பின்னால என்ன இருக்கு?" மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாவிட்டால், "அப்ப நீ ஒன்னும் பாக்கல, நடடா" என்று கிளம்பிவிடுவார். அப்படி எத்தனையோ நாள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

2013ஆம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பெரியப்பாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டா எத்தனை எடுத்துப் போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உனக்கு இரண்டு கிலோ, உனக்கு மூன்று கிலோ என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். மனைவி மிளகு அரைத்து வைத்திருந்தாள், வறுவலுக்கு. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஐஸ் பெட்டியைக் காரில் ஏற்றி, ரவாங், செரண்டா, பத்தாங்காலி, ராசா என்று பழைய சாலையிலேயே போனேன். வழியில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க நிறுத்தியவன், குடித்து முடிக்காமலேயே கிளம்பிவிட்டேன். அவ்வளவு அவசரம். அந்த ஐஸ் பெட்டி காலியாகத் திரும்பக் கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

முதல் நாள் ராத்திரி மழை. செம்பனைக்கு அடியில் மேல்வானம் வெளுத்த பிறகும் இருட்டு போகாது. மட்டைகள் மேலே கூரை மாதிரி அடைத்துக்கொள்ளும், கீழே மூடுபனி. பன்றி வந்துபோன அடையாளம் எல்லாம் இருந்தது. புதிதாகக் கிளறிய மண், ஒரு மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஈரச் சேறு தேய்த்த தடம், உதிர்ந்த பழங்கள் பாதி கடித்த நிலையில். நான் ஒரு மட்டை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு குழலிலும் எஸ்ஜி தோட்டா, பெரிய ரவை போட்டது.

ஏழேகால் மணி இருக்கும். சரக், சரக் என்று சத்தம். காய்ந்த இலையைக் கிளறுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி சரக், சரக். பன்றி மூக்கால் கிளறினால் அச்சு அசல் அப்படித்தான் கேட்கும். எட்டிப் பார்த்தேன். மரத்தடியில் கரிய உருவம் ஒன்று, தாழ்வாக, முன்னால் நகர்ந்து நகர்ந்து போகிறது. முதுகு தெரிந்தது. ஐயா, நான் பொய் சொல்லவில்லை, எனக்கு அதில் பிடரி மயிர் தெரிந்தது. காது தெரிந்தது. இல்லாத காது. கண் பார்த்ததா, ஐஸ் பெட்டி பார்த்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். கட்டைவிரலால் பாதுகாப்புப் பூட்டை முன்னே தள்ளினேன். காதுக்குள் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. விரல் விசைமேல் போய்விட்டது.

அப்போது டங் என்று ஒரு சத்தம். தகரம் கல்லில் இடித்த சத்தம்.

பன்றியிடம் தகரம் ஏது. அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. விரலை எடுத்தேன். உருவம் நிமிர்ந்தது. இடுப்பில் கை வைத்து, முதுகை வளைத்து நெட்டி முறித்தது. ஒரு பெண்மணி. புருஷனுடைய கருநீல முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். உதிரிப் பழம் பொறுக்க வந்தவர். கையில் மைலோ டின். அதில் பொறுக்கிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னைப் பார்த்துவிட்டார். "யாரது? மண்டோரா?" மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர்.

தோட்டாவைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. இரண்டாவது தோட்டா விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. "இல்லக்கா, பன்றி பாக்க வந்தேன்" என்றேன். குரல் எப்படி வந்ததோ.

"பன்னியா? அது வெளுக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சே தம்பி. அஞ்சாறு குட்டியோட அந்தப் பாரிட்டு ஓரமா போச்சு." என் கையைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "தனியாவா வந்தீங்க?"

ஆமாம் என்றேன். பார்த்துப் போங்க, அந்தப் பக்கம் பாம்பு இருக்கு என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். குனிந்ததும் அதே கரிய உருவம்.

அங்கிருந்து அவர் நின்ற இடம் வரை மரத்தை எண்ணினேன். நான்கு மரம். செம்பனையில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். முப்பத்தைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஜி தோட்டாவில் பொதுவாக ஒன்பது ரவை இருக்கும், ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. அந்தத் தூரத்தில் கொஞ்சம் விரிந்து போகும், ஆனால் பன்றியைச் சாய்க்கப் போதும். குறி தப்பிய ரவை அங்கேயே நின்றுவிடாது, பல நூறு மீட்டர் போகும். அவருக்குப் பின்னால் லயம் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்தத் தகர டின் கல்லில் இடிக்காமல் இருந்திருந்தால், மறுநாள் உங்கள் பத்திரிகையில் 'பன்றி என்று நினைத்துச் சுட்டார்; பழம் பொறுக்கிய மாது பலி' என்று வந்திருக்கும். படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு பாவம், எனக்கும் ஒரு பாவம். அந்த இரண்டாவது பாவம் எனக்குச் சேரக் கூடாது. நான் பன்றியைப் பார்க்கவில்லை. பன்றி வேண்டும் என்ற ஆசையைத்தான் பார்த்தேன். 'என்று நினைத்து' என்று எழுதும்போது, ஏதோ கவனமாகப் பார்த்து, கண் ஏமாற்றிவிட்டது போல ஆகிவிடுகிறது. 'தவறுதலாக' என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. உண்மையில் நடந்தது என்ன? பார்க்காமல் சுட்டார். 'பார்க்காமல் சுட்டதில் தொழிலாளி பலி' என்று எழுதுங்கள். போலீஸ் அறிக்கையில் வருவதைத்தான் நிருபர்கள் எழுதுகிறார்கள், எனக்குத் தெரியும். சுட்டவர் சொன்னதைச் செய்திக்கு உள்ளே அவர் வாக்குமூலமாகப் போடுங்கள். தலைப்பை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதைக் கவனக்குறைவு என்றுதான் பார்க்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் குற்றவியல் சட்டம் 304ஏ பிரிவு. அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அது போதுமா என்று பேச நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டமே கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கும்போது, நாம் ஏன் அதைக் கெட்ட நேரம் போல எழுத வேண்டும்?

மனிதர் மட்டும் இல்லை, இருட்டில் கரிய உருவம் தாப்பிராகவும் இருக்கலாம். தாப்பிர் என்றால் குட்டைத் தும்பிக்கை போல மூக்கு நீண்ட காட்டு விலங்கு. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் அது வரும். முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பன்றித் தடத்துக்கும் அதன் தடத்துக்கும் வித்தியாசம் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். பன்றிக்கு இரட்டைக் குளம்பு, தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. தடத்தைக் குனிந்து பார்க்கிற பொறுமை இல்லாதவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. அன்று காலை அந்தப் பொறுமை என்னிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "கேக்க ஆள் இல்லாமப் போச்சுல்ல" என்றார். அதுதான் ஐயா விஷயம். நான்கு வருடம் அவர் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் தனியாகப் போனபோது அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய் என்னோடு வரவில்லை. நானே எனக்குக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முதல் தடவை தனியாகப் போகிற எல்லாருக்கும் இதுதான் நடக்கும். துப்பாக்கி கையாளத் தெரியும், காடு தெரியும், பன்றியும் தெரியும். தன் ஆசையைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது நான் உரக்கவே கேட்டுக்கொள்கிறேன். தலை எந்தப் பக்கம், கால் தெரிகிறதா, பின்னால் என்ன. வாயைத் திறந்து சொன்னால் பன்றி ஓடிவிடும் என்பார்கள். ஓடட்டும்.

இன்னொன்றும் செய்கிறேன். தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் மண்டோரைப் பார்த்து, எந்த நிரையில் இன்று ஆள் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுவேன். அன்று கேட்டிருந்தால் அந்த நிரைக்கே போயிருக்க மாட்டேன். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் சட்டைப்பையில் இருந்ததால், கேட்கத் தோன்றவில்லை.

அந்த அம்மாளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் போனபோது அந்தக் குடும்பம் லயத்தைக் காலி செய்து போய்விட்டது என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பவராக இருந்து, மைலோ டின், பாரிட்டு, தனியாக வந்த ஒருவன் என்று நினைவு வந்தால், அக்கா, அது நான்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.

என் தங்கை மகனுக்கு இந்த மாதம் துப்பாக்கி உரிமம் வந்திருக்கிறது. அவனும் தீபாவளிக்குள் தனியாகப் போக வேண்டும் என்கிறான். ஒரு வருடம் என் பின்னால் தண்ணீர்ப் புட்டியோடு நடடா என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் வெளிவந்தால் கத்தரித்து அவனுடைய தோட்டாப் பெட்டிக்குள் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்