நாணயம் சேகரிப்போர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானத்தை முதலில் நினைவூட்டுகிறேன். கழகப் பணத்தில் இடைக்கால ஐரோப்பியக் காசுகளும் இஸ்லாமியக் காசுகளும் வாங்குவது. ஒரு காசுக்கு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தங்கத்தின் பக்கமே போகக் கூடாது. "அந்த விலைக்குத் தேய்ந்த தகடுதான் கிடைக்கும்" என்று அன்று சிரித்தவர்கள் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பத்துக் காசுகள் வாங்கினோம். தேய்ந்தவைதான். ஆனால் ஒரே ஒரு சொல் நீங்கலாகப் பத்தையும் வாசித்துவிட்டோம். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. டிசம்பர்க் கூட்டத்தை மழை கொண்டுபோயிற்று. உறுப்பினர்கள் 27 பேர்.

முதலில் வாங்கியவை ஆறு ஜிட்டல்கள், ஒன்று 350 ரூபாய் வீதம். செம்பும் கொஞ்சம் வெள்ளியும் கலந்த, மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட சிறு காசுகள். 1206இல் இறந்த முகம்மது கோரி வெளியிட்டவை. ஒரு பக்கம் நந்தி, மறுபக்கம் குதிரைவீரன். எழுத்து நாகரி: 'ஸ்ரீ மஹமத ஸாம', 'ஸ்ரீ ஹமீர'. அமீர் என்ற அரபிப் பட்டம்தான் ஹமீர ஆகியிருக்கிறது. ஆட்சி மாறினாலும், மக்கள் கை பழகிய காசின் முகத்தை மாற்ற அவர் துணியவில்லை. ஆறில் நான்கில் நந்தியின் திமில் மட்டும்தான் தெரிகிறது. விற்றவர் அதைச் சொல்லியே விற்றார்.

ஹங்கேரி அரசர் மாத்தியாஸ் கோர்வினஸின் (1458–1490) தெனார்கள் இரண்டு, தலா 1,600 ரூபாய். ஒரு பக்கம் குழந்தையுடன் மரியன்னை, மறுபக்கம் கேடயம், கேடயத்தின் நடுவில் ஓர் அண்டங்காக்கை. லத்தீனில் 'கோர்வஸ்' என்றால் அண்டங்காக்கை. அரசரின் குடும்பச் சின்னம் அது. காக்கை எது, கறை எது என்பதில் பொருளாளருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு வெளியிட்ட வெள்ளி பென்னி ஒன்று, 4,800 ரூபாய். லண்டன் அக்கசாலையில் அடித்தது. பின்பக்கத்துச் சிலுவையின் கைகள் விளிம்புவரை நீள்கின்றன. 1247இல், மூன்றாம் ஹென்றி காலத்தில், சிலுவையை இப்படி நீட்டியதற்குக் காரணம் காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடியவர்கள்தான். சிலுவையின் முனை காணவில்லை என்றால் காசைக் கத்தரித்திருக்கிறார்கள் என்று எழுத்தறியாதவரும் கண்டுகொள்ளலாம். அந்நாளில் அரை பென்னி வேண்டுமென்றால் பென்னியையே இரண்டாக வெட்டினார்கள். 1279இல் தொடங்கிய எட்வர்டின் சீர்திருத்தத்தோடுதான் அரைக்கும் காலுக்கும் வட்டக் காசுகள் வழக்கத்துக்கு வந்தன. நம் காசின் எடை 1.32 கிராம், முழு எடை ஏறக்குறைய 1.4. ஒரு முனை லேசாகக் குறைந்திருக்கிறது. யாரோ ஒரு லண்டன்வாசி நம் ஐயாயிரத்திலிருந்து ஒரு துளியைத் தின்றுவிட்டார்.

இனி, அந்த ஒரு சொல்.

செப்டம்பரில் 4,500 ரூபாய்க்குக் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் வெள்ளித் திர்ஹம் வந்தது. இவ்வளவு புகழ்பெற்ற ஒருவரின் காசு இந்த விலைக்கா என்று கேட்கலாம். ஹாரூனின் வம்சமான அப்பாசியர்களின் திர்ஹம்கள் ஏராளமாக அடிக்கப்பட்டன, ஏராளமாகப் புதைக்கப்பட்டன. ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் 1999இல் கிடைத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி. அதிலிருந்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளில் பெரும்பாலானவை இஸ்லாமியக் காசுகள். வைக்கிங்குகள் சேர்த்தது இன்று நமக்கு விலைக்குறைவு.

இந்தக் காசில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே. "இந்தத் திர்ஹம் மதீனத்துஸ் ஸலாமில் அடிக்கப்பட்டது" என்று ஓரத்தில் ஓடுகிறது. அமைதி நகரம் என்று பெயர் சூட்டப்பட்ட பாக்தாத். அடுத்து ஆண்டு, எண்ணில் அல்ல, சொல்லில்: முதலில் ஒன்றின் இடம், பிறகு பத்து, பிறகு நூறு. மதரஸாவில் பாடம் நடத்தும் நமது பாய் எண்பதையும் நூறையும் உடனே வாசித்துவிட்டார். ஒன்றின் இடத்தில் நின்றுவிட்டார். காசில் இருப்பது கூஃபி என்னும் பழைய அரபி எழுத்து, அதில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாவிட்டால் ஏழு என்னும் 'ஸப்அ'வும் ஒன்பது என்னும் 'திஸ்அ'வும் ஒன்றே: நான்கு பற்கள், அப்புறம் ஒரு வளைவு. முதல் பல் உயர்ந்திருந்தால் ஒன்பது, நான்காவது உயர்ந்திருந்தால் ஏழு. நம் காசில் நான்கும் தேய்ந்து ஒரே உயரம். "புள்ளி இல்லாத ஓலைச்சுவடி படித்தவனிடம் கொடுங்கள்" என்று வாங்கிப் பார்த்த மூத்த உறுப்பினர் ஐயாவும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். சுவடியில் முன்பின் சொற்கள் கைகொடுக்கும், இங்கே அதுவும் இல்லை என்றார்.

ஹிஜ்ரி 187 என்றால் கி.பி. 803. வஜீர் குடும்பத்து ஜாபரின் தலையை ஹாரூன் வெட்டச் சொன்ன ஆண்டு. 189 என்றால் அப்படிக் கதை எதுவும் இல்லை. எனவே உறுப்பினர்களில் பெரும்பாலோர் 187ஐயே விரும்பினார்கள், கை தூக்கி வாக்கெடுப்பும் நடத்தினார்கள், 14க்கு 3. பதிவேட்டில் நான் '187 அல்லது 189' என்றே எழுதியிருக்கிறேன். வாக்கெடுப்பால் காசின் ஆண்டு மாறாது. இதுபற்றி வந்த கண்டனக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

இரண்டு வருத்தங்கள். உறுப்பினர் ஒருவர், சிலுவைப்போர் வீரர்களின் அரசான அந்தியோக்கியாவை ஆண்ட மூன்றாம் பொஹெமண்டு வெளியிட்ட, தலைக்கவசம் அணிந்த முகமுள்ள சொந்தத் தெனியர் காசைப் புளி போட்டு விளக்கினார். புளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இடைக்கால அக்கசாலைகளும் கலப்பு வெள்ளியைப் புளிப்பில் ஊறவைத்தே வெளுக்கச் செய்தன. தேங்காய் நாரைத்தான் மன்னிக்க முடியவில்லை. தலைக்கவசம் இருக்கிறது, முகம் போய்விட்டது. இன்னொருவர் இணையத்தில் வாங்கிய 'உமய்யா திர்ஹம்' (அப்பாசியர்களுக்கு முந்தைய கலீபா வம்சத்தின் காசு) நம் தராசில் 4.6 கிராம் காட்டியது. அசல் மூன்று கிராமைத் தொடாது. விளிம்பில் வார்ப்புக் கோடும் இருந்தது.

ஓர் எச்சரிக்கை: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 'மாற்றிக்கொள்ளத்தானே' என்பதும் அனுப்புவதுதான்.

"நம் ஊர்க் காசு இல்லையா?" என்று மாதம் ஒருமுறை கேட்பவருக்கு: வரும் ஆண்டில் மதுரை சுல்தான்களின் செப்புக்காசு ஒன்று வாங்க உத்தேசம். அந்த வரிசையின் கடைசிக் காசு ஹிஜ்ரி 779ஐக் காட்டுகிறது. அந்த ஆண்டிலும் ஓர் ஒன்பதும் ஓர் எழுபதும் இருப்பதைப் பாய் இப்போதே கவலையோடு சுட்டிக்காட்டுகிறார்.

கணக்கு: முன்னிருப்பு 14,320 ரூபாய், சந்தா 13,200, நன்கொடை 5,000. செலவில் காசுகளுக்கு 14,600, மண்டப வாடகை 4,400, தேநீர் 1,980, மின்தராசு 850. கையிருப்பு 10,690. ஐந்து பேரின் சந்தா, தலா 600 ரூபாய், நிலுவையில் இருக்கிறது. பெயர்களைப் படிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும்.

கழகத்தின் பத்து மடங்கு லென்ஸ் பிப்ரவரிக் கூட்டத்திலிருந்து காணவில்லை. எடுத்துப்போனவர் தேநீர் மேசையில் வைத்துவிட்டால் போதும், யாரும் கேட்க மாட்டோம். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்