ரௌட்டரை ஏன் ஒளித்து வைத்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய மெசேஜுக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். "எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது ரௌட்டரை ஏன் கழற்றி ஒளித்து வைத்தீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று கேட்டிருந்தாய். போனில் கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று இரண்டு தடவை கை போனது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன். போனில் உன் குரல் எப்படித் தட்டையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். நான் உடனே "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்பேன், நீ "இல்லை" என்பாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எனக்கும் அடித்துத் திருத்த வசதி.

"கோபமாகக் கேட்கவில்லை" என்று எழுதினாயே, அதற்கு முதலில் நன்றி. நீ நேராகக் கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒரு காலத்தில் என் காதில் குற்றச்சாட்டாகவே விழுந்தன. உன்னைப் போல ஆட்டிசம் உள்ள உங்கள் ஆட்கள் இணையத்தில் எழுதும்போது வாக்கியத்தின் கடைசியில் இது கிண்டல், இது நிஜமாகவே கேட்பது என்று சின்னக் குறி போட்டுக்கொள்வார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். அன்று சிரித்தேன். அந்தப் பழக்கம் நம் வீட்டில் முதலிலேயே இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

பயத்தில்தான் ஒளித்து வைத்தேன். அந்த வருடம் நீ பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வாய். திரை முழுக்கப் பச்சையாக ஏதோ தெரியும். கேட்டால் பாசி என்பாய். நான் குளத்துப் பாசியா என்பேன். உனக்கு அதுதான் பிடிக்காது. குளத்தில் மிதப்பது வேறு, சுவரில் மெத்தை மாதிரி வளர்வது வேறு, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று பதினைந்து நிமிடம் பேசுவாய். சுவரில் வளர்வதற்கு உண்மையான வேர் கிடையாது, உலகத்தில் ஏறக்குறைய 12,000 வகை இருக்கிறது, இதெல்லாம் நீ சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அந்தப் பதினைந்து நிமிடமும் உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்திருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நோட்டுப் போட்டு எழுதியே வைத்தேன், உனக்குத் தெரியாது. திங்கள் 5 மணி நேரம், செவ்வாய் 6, ஞாயிறு 9. எண்கள் கூடக்கூட என் தூக்கம் குறைந்தது. நெருங்கிய ஒருவர் வந்து, "கம்ப்யூட்டரை எடுத்துவிடுங்கள், வேறு வழியில்லாமல் நாலு பேரோடு பழகுவாள்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு, நீ யாருக்கோ ஒரு பாசிப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் ஒயரைப் பிடுங்கினேன். ரௌட்டரைக் கொண்டுபோய் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்து உன் அம்மாதான் ரௌட்டரைத் திரும்ப மாட்டினாள், என்னைக் கேட்காமல். அந்தப் பதினோரு நாளில் நீ எந்த நாலு பேரோடும் பழகவில்லை. ஏற்கெனவே பழகிக்கொண்டிருந்தவர்களையும் இழந்தாய், அவ்வளவுதான். நீ இப்படி அடங்கிப்போவதற்கு ஷட்டவுன் என்று பெயர் என்பது உனக்கு இருபத்துமூன்று வயதில் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கையில் காகிதம் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரை அணைப்பதற்கும் அதே சொல்தான். அன்று நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். நீ சிரிக்காதே, படிக்கத் தொடங்கியதும் எனக்கும் நேரம் போவது தெரியவில்லை. ஆட்டிசத்தை ஆராய்ந்த டைனா மரேயும் அவரோடு இருந்த இரண்டு பேரும் 2005இல் எழுதிய கட்டுரைதான் முதலில் என்னைப் பிடித்து உலுக்கியது. மோனோட்ரோபிசம் என்று அதற்குப் பெயர். ஒருவரிடம் இருக்கும் கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. பெரும்பாலானவர்களிடம் அது ஒரே நேரத்தில் பல இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் மொத்தமும் ஒன்றிரண்டு இடத்தில் போய் நிற்கிறது. தண்ணீர் பல வாய்க்காலாகப் பிரிந்து ஓடுகிற இடத்தில் ஒன்றை அடைத்தால் மற்றதில் போய்விடும். உனக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரே வாய்க்கால். நான் அதன் மடையைச் சட்டென்று அடைத்துவிட்டு, தண்ணீர் ஏன் அடுத்த வயலுக்குப் போகவில்லை என்று கோபப்பட்டேன்.

இன்னொன்று டேமியன் மில்டன் 2012இல் எழுதியது. அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். உங்களுக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு என்றுதான் அதுவரை சொல்லிவந்தார்கள். அவர் அதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அதைக் குறை என்று எழுதுகிறார்கள். படித்ததும் என் நோட்டு ஞாபகம் வந்தது. நீ என்னைப் புரிந்துகொள்ளாத நாட்களை எல்லாம் எண்ணிவைத்திருந்தேன். நான் உன்னைப் புரிந்துகொள்ளாத நாட்களுக்கு அதில் ஒரு பக்கம்கூட இல்லை.

கம்ப்யூட்டரில் உனக்கு என்ன கிடைத்தது என்பதும் இப்போது கொஞ்சம் விளங்குகிறது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேசினால் அவர் சொல்வது மட்டுமா வருகிறது? முகம் அசைகிறது, குரல் ஏறி இறங்குகிறது, டியூப்லைட் இரைகிறது, பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், எந்த நொடியில் நீ பேசத் தொடங்கலாம் என்று வேறு கணக்குப் போட வேண்டும். எனக்கு இதெல்லாம் தானாக நடப்பதால் இது ஒரு வேலை என்றே தெரியாமல் இருந்தேன். திரையில் சொல் மட்டும் வருகிறது. வந்த இடத்திலேயே காத்திருக்கிறது. பத்து நிமிடம் யோசித்துப் பதில் எழுதினாலும் யாரும் மரியாதைக் குறைவு என்று நினைப்பதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்ட ஆளில்லை. பாசியைப் பற்றிப் பேச வந்தவர்கள் பாசியைப் பற்றித்தான் பேசுவார்கள், வானிலையைப் பற்றி அல்ல.

ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியாகக் கிடந்த ஆட்டிசம் உள்ளவர்கள் 1990களில் இணையம் வந்ததும் கண்டுகொண்டார்கள். நாங்கள் உடைந்த மனிதர்கள் இல்லை, வேறு மாதிரி அமைந்த மனிதர்கள் என்று அங்கே பேசிப்பேசித்தான் நியூரோடைவர்சிட்டி என்கிற எண்ணம் உருவானது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998இல் தன் ஆய்வேட்டில் இதை எழுதினார். இந்தச் சரித்திரம் உனக்குத் தெரிந்ததுதான், எனக்குத்தான் புதிது.

படித்ததில் ஒன்று மட்டும் வயிற்றெரிச்சலாக இருந்தது. கனடாவில் ஸ்டூவர்ட் டங்கன் என்று ஒருவர், தானும் ஆட்டிசம் உள்ளவர், மகனும் அப்படியே. மைன்கிராஃப்ட் விளையாட்டில் இந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் சீண்டி விரட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களுக்காகவே ஆட்கிராஃப்ட் என்று தனி சர்வர் ஒன்றைத் தொடங்கினார். 2013இல். நான் ஒயரைப் பிடுங்கிய அதே வருடம்.

மணிக்கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதில்தான் முழுசாகத் தப்பு செய்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் விளையாட்டு நோயாக மாறுவதைப் பற்றி அதில் ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று தேடினேன். அப்படி ஓர் எண்ணே இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா, மற்ற எல்லாவற்றையும் அது ஓரந்தள்ளுகிறதா, கெடுதல் நடந்தும் தொடர்கிறதா, பொதுவாக 12 மாதமாவது இப்படி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். என் நோட்டில் இதில் ஒன்றுகூட இல்லை.

நான் பார்த்திருக்க வேண்டியது நீ எழுந்து வரும்போது எப்படி வருகிறாய் என்பதை. பாசியிலிருந்து எழுந்து வரும் ராத்திரிகளில் வாயில் ஏதாவது முனகிக்கொண்டு, இரண்டு கையையும் மணிக்கட்டில் உதறிக்கொண்டு வருவாய். அது சந்தோஷம் என்று உன் அம்மா சொல்வாள், நான் கையை உதறாதே என்பேன். வேறு சில ராத்திரிகளில், ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கண் சிவந்து, விளக்கைப் போட்டாலே எரிந்து விழுகிறவளாக வருவாய். கடிகாரத்துக்கு இரண்டும் நான்கு மணி நேரம்தான்.

அதனால், மன்னித்துவிடு. ரௌட்டரைப் பிடுங்கியது தப்பு. அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல், பாதியில். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கப் போ என்று சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். அது அன்றும் சரி, இன்றும் சரி.

ஏனென்றால் எனக்கு இன்னும் ஒரு கவலை பாக்கி இருக்கிறது. பசி, தாகம், மூத்திரம் முட்டுவது, இதெல்லாம் உனக்குத் தாமதமாகத்தான் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த வாய்க்காலில் இறங்கிவிட்டால் உடம்பு கூப்பிடுவது கேட்காது. முடிவே இல்லாமல் கீழே கீழே இழுத்துக்கொண்டு போகும்படி திரையைச் செய்கிறவர்கள் எல்லாரையும் குறிவைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பவே சிரமப்படுகிற ஆளுக்கு அது இரட்டைப் பாரம். அலாரம் வை என்று சொல்ல மாட்டேன், அந்தச் சத்தம் உன்னைத் தூக்கிவாரிப்போடும். முன்பு சொன்னாயே, அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன், தண்ணீர் பாட்டிலைக் கீபோர்டுக்கு முன்னால் வைத்தால் கை அதில் படும்போது குடிப்பேன் என்று. அது இன்னும் நடக்கிறதா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

நீ சொன்னபடி என் போனிலும் அசைவுகளைக் குறைக்கும் அமைப்பைப் போட்டு, நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்தேன். வீடு அமைதியாகிவிட்டது. இது உனக்காக மட்டும் கண்டுபிடித்த வசதி என்று நினைத்திருந்தேன்.

இணையத்தில் ஏமாறாதே, நட்பாகப் பேசிப் பணம் கேட்டால் கொடுக்காதே என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். போன மாதம் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த லிங்கை அழுத்தப் போனது யார்? முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தது யார்? அந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை. ஆனால் யாராவது "இதை உன் வீட்டில் சொல்லாதே" என்றால் மட்டும் எனக்குச் சொல். ராத்திரி எந்த நேரமானாலும் ஒரு வரி போதும், நான் உடனே போன் செய்ய மாட்டேன், எழுத்திலேயே பதில் போடுவேன்.

ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துக்கொள்ள அனுமதித்துவிட்டார்களா என்று உன் அம்மா கேட்கிறாள். தன் முகத்தையே திரையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு வேலை பேச வேண்டுமென்றால் எனக்கும்தான் தலை வலிக்கும்.

அந்த நோட்டை நேற்று தேடி எடுத்தேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்து, பிறகு வைத்துவிட்டேன். நீ வரும்போது வேண்டுமானால் பார். பின்பக்கங்கள் எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன.

இதோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். கொல்லைக் குழாய்க்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் இடத்தில் எடுத்தது. தொட்டால் மெத்தென்று இருக்கிறது, நுனியில் மயிரிழை மாதிரி தண்டு கிளம்பி, அதன் தலையில் சின்னதாக ஒரு குமிழ். இது நீ சொல்லும் பாசியா, நான் சொல்லும் பாசியா? படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. இன்னும் கிட்டப் போய் எடுக்க வேண்டுமென்றால் சொல், காலையில் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா